மேட்டுத்துண்டு

மறையூர்,
பிரமோதூத வருஷம், மாசி 9 (1931)

அன்புள்ள அண்ணனுக்குத் தங்கை கருப்பாத்தாள் கும்பிட்டு எழுதுவது. நான் நல்லபடியாக இருக்கிறேன். நீங்களும் நங்கையும் உங்கள் மகள் பொன்னாத்தாளும் எப்படி இருக்கிறீர்கள்? பனிக்கு உங்களுக்கு இருமல் வருமே, இந்த வருஷம் வந்ததா?

உங்கள் மச்சான் காய்ச்சலில் போய் வருஷம் திரும்பிவிட்டது. கரும்பாலையில் கணக்கெழுத வேறு ஆள் வந்துவிட்டதால் ஆலைக் குடிசையை விட்டுவிட்டேன். இப்போது அழகுத்தாயின் குடிசையில் இருக்கிறேன். அவள் திருநெல்வேலிப் பக்கத்துக்காரி. தேயிலைத் தோட்டத்தில் இருபது வருஷம் கொழுந்து பறித்துவிட்டு, மலைக்குளிர் ஆகாமல் இங்கே இறங்கி வந்தவள். என்னைப் போலத் தனிக்கட்டை.

பொங்கலுக்கு வந்தபோது, "அம்மிணி, நான் இங்க வாங்கிப் போட்ட ரெண்டு துண்டும் சும்மாத்தான கெடக்குது. ஒண்ணைத் தோட்டமாத் திருத்திக்க. திருத்துன துண்டு உனக்கே" என்று சொன்னீர்கள். அதை மனதில் வைத்து இரண்டையும் பார்த்துவிட்டேன்.

இரண்டிலும் முழங்கால் ஆழம் குழி வெட்டி, ஒரு குடம் தண்ணீர் ஊற்றி, அது இறங்கியதும் இன்னொரு குடம் ஊற்றினேன். ஓடைக்கரைத் துண்டில் காலையில் ஊற்றிய இரண்டாம் குடம் பொழுது சாயும்போதும் அப்படியே நின்றது. மண் கறுப்பு. பார்க்க ஆசையாகத்தான் இருக்கிறது. ஆனால் நாக்கில் வைத்தால் உப்புக் கரிக்கிறது, காய்ந்த இடமெல்லாம் வெள்ளை பூத்திருக்கிறது. பாறையடி மேட்டுத்துண்டில் நான் வெற்றிலை போட்டு முடிப்பதற்குள் தண்ணீர் இறங்கிவிட்டது. சிவப்பு மண், பாதிக்குப் பாதி கல். ஈரமாக்கி உருண்டை பிடித்து இடுப்பு உயரத்திலிருந்து விட்டால் நாலாக உடைகிறது, சப்பையாக ஒட்டுவதில்லை. தும்பையும் கொளுஞ்சியும் தானாகவே முளைத்திருக்கின்றன.

உப்பை என்னால் எடுக்க முடியாது. கல்லை எடுக்க முடியும். அதனால் மேட்டுத்துண்டு போதும் என்று நினைக்கிறேன். உங்களுக்குச் சம்மதமா?

பதிலை உடுமலைத் தபாலாபீசுக்குப் போடுங்கள். பொதிமாட்டில் வெல்லம் கொண்டு போகிற சூசையப்பன் அங்கே வாங்கி வந்து கொடுப்பார். உங்கள் மச்சான் கற்றுக்கொடுத்த எழுத்து இது. பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

தங்கை
கருப்பாத்தாள்


கொழிஞ்சாம்பாறை,
பங்குனி 4

பிரியமுள்ள அம்மிணி கருப்பாத்தாளுக்கு அண்ணன் ஈஸ்வரமூர்த்தி ஆசீர்வதித்து எழுதுவது. இருமல் வந்தது, போய்விட்டது. உன் நங்கை கமலாத்தாளுக்குக் கால்வீக்கம் குறைந்திருக்கிறது. பொன்னாத்தாள் உன்னை விசாரித்தாள்.

நீ எழுதியதைப் படித்ததும் எனக்கு நம்மைப் பெற்ற அய்யன் நினைவு வந்துவிட்டது. அவர் இருந்தாலும் மேட்டுத்துண்டைத்தான் எடுக்கச் சொல்லியிருப்பார். நம் ஊரைப் போலவே அங்கேயும் மழை மலைக்கு அந்தப் பக்கமே நின்றுவிடுகிறது. ஐப்பசி பிறந்து நாற்பது நாள் பெய்தால் உண்டு. அந்த நாற்பது நாள் ஈரத்தை மாசி வரைக்கும் மண் பிடித்து வைத்திருக்க வேண்டும். அதற்கு இப்போதிருந்தே வேலை செய்தால்தான் ஆகும்.

உடனே அவசரப்பட்டு விதைக்காதே. முதலில் சரிவுக்குக் குறுக்கே கல்வரப்புப் போடு. வற்றின குட்டையில் வண்டல் கிடைத்தால் கொண்டு வந்து கொட்டு. சித்திரை மழை விழுந்ததும் கொளுஞ்சி விதைத்து, பூ வருவதற்கு முன்னால் தழையுரமாக மடக்கிக் கொத்திவிடு. எருவுக்கு ஆட்டுப்பட்டி அடைக்க யாராவது சம்மதித்தால் விடாதே. எந்த நாளும் மண்ணை வெயிலுக்குத் திறந்து போடாதே.

எனக்கும் உனக்கும் நடுவில் காகிதம் வேண்டியதில்லை. ஆனாலும் ஐப்பசியில் நானே வந்து மேட்டுத்துண்டை உன் பேருக்குப் பதிவு பண்ணிக் கொடுக்கிறேன். தைரியமாக இரு. வேளைக்குச் சாப்பிடு.

அண்ணன்
ஈஸ்வரமூர்த்தி


மறையூர்,
பிரஜோற்பத்தி வருஷம், வைகாசி 22

அன்புள்ள அண்ணனுக்குக் கருப்பாத்தாள் எழுதுவது. சுகமாக இருக்கிறேன். கையில் மட்டும் தோல் உரிந்து கிடக்கிறது. நங்கையின் கால்வீக்கத்துக்கு இங்கே ஒரு தைலம் கிடைக்கிறது, சூசையப்பனிடம் கொடுத்திருக்கிறேன். உடுமலைச் சந்தைக்கு வரும் நம் ஊர் வண்டியில் ஏற்றிவிடுவார்.

நீங்கள் சொன்னபடியே எல்லாம் செய்தேன். கல் பொறுக்கவே பங்குனி முழுக்கப் போயிற்று. முதல் நாள் அழகுத்தாய் இடுப்பில் கை வைத்துக்கொண்டு, "ஏ தாயி, இந்தக் கல்லைப் பெறக்க நம்ம ரெண்டு பேரு ஆயுசும் பத்தாது பாத்துக்கிடு" என்றாள். மறுநாள் எனக்கு முன்னால் கடப்பாரையோடு போய் நின்றாள். பொறுக்கின கல்லிலேயே ஏழு வரப்புப் போட்டோம். மேற்கே இடுப்பு உயரத்துக்குச் சுவர் வைத்திருக்கிறேன். ஆடிக் காற்று அந்தப் பக்கமிருந்துதான் வந்து மண்ணை உலர்த்துகிறது.

யானை இறங்குகிற குட்டையில் தண்ணீர் வற்றியதும் வண்டல் சுமந்தோம். ஒரு நாளைக்கு நாற்பது கூடை, அதற்கு மேல் கழுத்து தாங்கவில்லை. ஆலையில் வீணாகக் கிடந்த கரும்புச் சக்கையையும் அடுப்புச் சாம்பலையும் கேட்டு வாங்கி, சாணம் கரைத்து ஊற்றி மக்க வைத்திருக்கிறேன். உடுமலையிலிருந்து ஆடு ஓட்டி வந்தவர் பன்னிரண்டு நாள் பட்டி அடைத்தார். அத்தனை நாளும் அவருக்குச் சோறாக்கிப் போட்டேன். கொளுஞ்சி முழங்கால் உயரம் வந்திருக்கிறது.

போன வாரம் வரி வாங்குகிற பார்வத்தியக்காரர் வந்து, நிலம் யார் பேரில் என்று கேட்டார். அண்ணன் பேரில், ஐப்பசியில் என் பேருக்கு மாறும் என்று சொன்னேன். சரிதானே?

தங்கை
கருப்பாத்தாள்


கொழிஞ்சாம்பாறை,
ஆவணி 12

அம்மிணி கருப்பாத்தாளுக்கு அண்ணன் எழுதுவது. நாங்கள் சுகம். வைகாசியில் ஒன்றும் ஆடியில் ஒன்றுமாக உன் கடிதம் இரண்டும் வந்தன. தைலமும் வந்தது. வேலையினால் பதில் எழுத முடியவில்லை.

தோட்டத்தைப் பற்றி இன்னும் விவரமாக எழுது. இப்போது கல் இல்லாத மண் எத்தனை முழ ஆழம் இருக்கிறது? எத்தனை பாத்தி விழும்? மாசியிலும் பங்குனியிலும் தண்ணீருக்கு என்ன வழி? அங்கிருந்து மூணாற்றுக்குப் பொதிமாடு போக எத்தனை நாள் ஆகும்? தேயிலைத் தோட்டத்துக் கடைகளில் என்ன காய் கேட்கிறார்கள் என்று அழகுத்தாய்க்குத் தெரிந்திருக்குமே, விசாரித்து எழுது.

பாத்தியின் நடுவிலிருந்து ஒரு பிடி மண் எடுத்து, துணியில் முடிந்து சூசையப்பனிடம் கொடுத்தனுப்பு. கல் இல்லாமல் பார்த்து எடு.

உடம்பைக் கவனித்துக்கொள்.

அண்ணன்
ஈஸ்வரமூர்த்தி


மறையூர்,
புரட்டாசி 1

அன்புள்ள அண்ணனுக்குக் கருப்பாத்தாள் எழுதுவது. மூன்று மாதம் பதில் இல்லாமல் பயந்துபோயிருந்தேன். எல்லோரும் சுகம் என்று படித்த பிறகுதான் சோறு இறங்கியது.

கேட்டதற்கெல்லாம் பதில் எழுதுகிறேன். கல் இல்லாத மண் இப்போது ஒன்றரை முழம். அறுபத்திரண்டு பாத்தி விழும். பாறை இடுக்கில் ஒரு ஊற்று இருக்கிறது, பங்குனியிலும் நாளைக்கு இருபது குடம் தரும். பாத்தியைக் கரும்புத் தோகையால் மூடிவிட்டால் அந்த இருபது குடம் போதும். கொளுஞ்சியை மடக்கிக் கொத்திவிட்டு ஆவணியில் நட்ட கத்திரிக்கு நாலு நாளைக்கு ஒரு தரம்தான் விடுகிறேன். தோகையை விலக்கிப் பார்த்தால் அடியில் விரல் நுழைகிறது, குளிர்ச்சியாக இருக்கிறது. மூணாற்றுக்குப் பொதிமாடு இரண்டு நாளில் போகும். அங்கே அவரையும் கத்திரியும் சின்ன வெங்காயமும் எவ்வளவு வந்தாலும் நிற்காது என்கிறாள் அழகுத்தாய்.

மண் ஒரு பிடி கேட்டீர்கள், இரண்டு முடிச்சாக அனுப்புகிறேன். ஒன்று மேல் மண், இன்னொன்று ஒரு முழம் ஆழத்து மண். கல்லை மட்டுமில்லை, வேரையும் பொறுக்கிவிட்டு நிழலில் உலர்த்தி முடிந்திருக்கிறேன். எதற்கு என்று நீங்கள் எழுதவில்லை. ஊரில் நம் தோட்டத்து மண்ணோடு சேர்த்து வைத்துப் பார்க்கத்தான் என்று நினைத்துக்கொண்டேன். பார்த்துவிட்டு எப்படி இருக்கிறது என்று எழுதுங்கள். நீங்கள் நல்ல மண் என்று ஒரு வார்த்தை எழுதினால் எனக்கு அது போதும்.

ஐப்பசியில் எந்தத் தேதி வருகிறீர்கள் என்று தெரிந்தால் கொள்ளு வறுத்து வைப்பேன். அழகுத்தாய் சமைத்தால் புளி தூக்கலாக இருக்கும், நானே ஆக்குகிறேன்.

தங்கை
கருப்பாத்தாள்


மறையூர்,
கார்த்திகை 15

அன்புள்ள அண்ணனுக்குக் கருப்பாத்தாள் எழுதுவது. நான் சுகம். நீங்கள் எப்படி இருக்கிறீர்கள் என்று தெரியாமல்தான் மனது நிற்கவில்லை.

ஐப்பசி போய்விட்டது. மழையில் சின்னாறு பெருகிப் பாதை கெட்டிருக்கும், அதனால் வரவில்லை என்று நினைத்துக்கொண்டேன். இரண்டு கடிதம் போட்டேன், பதில் இல்லை. உடம்புக்கு ஏதாவதா? சூசையப்பனைக் கேட்டால், "நல்லாத்தான் இருக்கறாருன்னு கேள்விங்க" என்று முகத்தைத் திருப்பிக்கொள்கிறார். வந்தால் ஒரு சொம்பு மோர் குடிக்காமல் போகாதவர், இப்போது வெளியிலேயே நின்று பேசிவிட்டுப் போகிறார்.

மழை முப்பத்தாறு நாள் பெய்தது. ஒரு வரப்பும் உடையவில்லை. கீழே ஓடைக்கரையில் மற்றவர்கள் மண் கலங்கி ஓடியது, நம் மேட்டிலிருந்து இறங்கிய தண்ணீர் தெளிவாக இருந்தது. அவரை பந்தலுக்கு ஏறிவிட்டது. கத்திரி முதல் பறிப்பு முடிந்தது. அழகுத்தாய் பாத்தி ஓரத்தில் உட்கார்ந்து, "இது உன் மண்ணுடி. இனி உன்னை யாரும் எந்திரின்னு சொல்ல முடியாது" என்றாள். எனக்கு அழுகை வந்துவிட்டது. உங்கள் மச்சான் போனபோதுகூட அப்படி அழவில்லை.

ஒரு கூடை கத்திரிக்காயும் வெங்காயமும் அனுப்புகிறேன். பொன்னாத்தாளுக்கு எண்ணெயில் வதக்கிக் கொடுக்கச் சொல்லுங்கள்.

ஒரு வரியாவது எழுதுங்கள்.

தங்கை
கருப்பாத்தாள்


கொழிஞ்சாம்பாறை,
மார்கழி 8

கருப்பாத்தாளுக்கு அண்ணன் எழுதுவது. யாவரும் சுகம். காய் வந்து சேர்ந்தது.

மூணாற்றிலிருந்து பிச்சைமணி என்பவர் மார்கழிக் கடைசியில் அங்கே வருவார். தோட்டத்தைச் சுற்றிக் காட்டு. ஊற்று இருக்கும் இடத்தையும் காட்டு. மரியாதைப்பட்டவர், ஒரு வேளைச் சாப்பாடு போட்டு அனுப்பு. மற்றதைப் பிறகு எழுதுகிறேன்.

ஈஸ்வரமூர்த்தி


மறையூர்,
தை 6 (1932)

அண்ணனுக்குக் கருப்பாத்தாள் எழுதுவது. சுகமாக இருக்கிறேன் என்று எழுத இன்று கை வரவில்லை.

பிச்சைமணி வந்தார். தேயிலைத் தோட்டத்துக் கடைகளுக்குக் காய்கறி குத்தகை எடுத்திருக்கிறாராம். உங்கள் விருந்தாளி என்று இலை போட்டுச் சோறு வைத்தேன். சாப்பிட்டுவிட்டுத் தோட்டத்துக்கு வந்தார். குனிந்து தோகையை விலக்கி, மண்ணை அள்ளி மோந்து பார்த்தார்.

"சொன்ன மாதிரியேதான் இருக்கு. உங்க அண்ணாச்சி ரெண்டு முடிச்சு கொண்டாந்து மேசையில வச்சாரு. பாத்தவுடனே எனக்குப் பிடிச்சுப்போச்சு. அன்னைக்கே பேசி முடிச்சுட்டோம்" என்றார்.

என்ன பேசி முடித்தீர்கள் என்று கேட்டேன். அவர் கையிலிருந்த மண்ணைப் பாத்தியிலேயே போட்டுவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"உங்களுக்குத் தெரியாதாம்மா? ஐப்பசி பதினெட்டாம் தேதி தேவிகுளத்துல பதிவாயிருச்சே. அவரே வந்து கையெழுத்துப் போட்டாரு. தங்கச்சி சும்மா காவலுக்குத்தான் இருக்குன்னாரு. நீங்க தை முடிய இருந்துட்டுப் போங்க, நான் ஒண்ணும் சொல்லமாட்டேன்."

அவர் மேல் தப்பில்லை. நல்ல விதமாகத்தான் பேசினார். நான் போய் ஊற்றைக் காட்டினேன். காட்டு என்று நீங்கள் எழுதியிருந்தீர்கள்.

மறுநாள் சூசையப்பனை நிறுத்திக் கேட்டேன். மாட்டின் கயிற்றைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "மட்டக்குதிரையில உங்க அண்ணாரு வந்தாருங்க, நாந்தான் கூட நடந்தேன். ஓடையில எறங்கித் தண்ணி குடிச்சாரு. அந்தா தெரியறதுதான் தங்கச்சி ஊடு, கூப்பிடட்டுங்களான்னு கேட்டேன். திரும்பி வரயில பாத்துக்கலாம்னாரு. திரும்பி வரயில குடையை இந்தப் பக்கமாச் சாய்ச்சுப் புடிச்சுட்டுப் போயிட்டாருங்க. உங்ககிட்ட சொல்லக்கூடாதுன்னு எங்கிட்டச் சத்தியம் வாங்கிட்டாரு."

அண்ணா, அந்தக் குடையை நான் பார்த்தேன். மழை வெறித்த நேரம், பாத்தியில் தோகை பரப்பிக்கொண்டிருந்தேன். கீழே பாதையில் மட்டக்குதிரையில் ஒருவர் போவது தெரிந்தது. மழை விட்ட பிறகும் குடை பிடித்துப் போகிறாரே, யாரோ பெரிய மனிதர் என்று அழகுத்தாயிடம் சொன்னேன்.

ஐப்பசியில் வருகிறேன் என்றீர்கள், வந்தீர்கள். எழுதித் தருகிறேன் என்றீர்கள், எழுதியும் கொடுத்தீர்கள். வேறு ஒருவருக்கு.

ஏன் என்று மட்டும் எழுதுங்கள்.

கருப்பாத்தாள்


கொழிஞ்சாம்பாறை,
தை 20

அம்மிணி கருப்பாத்தாளுக்கு அண்ணன் எழுதுவது. நீ வருத்தப்படுவாய் என்று தெரிந்துதான் நேரில் சொல்லத் துணியவில்லை.

பொன்னாத்தாளுக்கு நல்ல இடம் அமைந்திருக்கிறது. பங்குனிக் கடைசியில் முகூர்த்தம். மாப்பிள்ளை வீட்டார் பெரிய இடம், கல்யாணத்தை அவர்கள் தரத்துக்குச் செய்யவேண்டும். ஓடைக்கரைத் துண்டை யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. மேட்டுத்துண்டை முதலில் யாரும் கேட்கவில்லை, இப்போது கேட்டார்கள். நீயும் அவளுக்கு அத்தைதானே, உன் மருமகளுக்காகச் செய்ததாக நினைத்துக்கொள்.

உன்னை நான் விட்டுவிடவில்லை. ஒற்றைப் பெண்பிள்ளை காட்டில் கல் சுமப்பது எனக்கு மட்டும் கௌரவமா? இங்கே வந்துவிடு. மாட்டுக்கொட்டகைக்குப் பக்கத்து அறையைப் பூசி வைத்திருக்கிறேன். உன் நங்கைக்கும் கால் முடியவில்லை, கல்யாண வேலைக்கு ஆள் இல்லை. நாளைக்கே புறப்பட்டாலும் நல்லது.

நிலம் தோட்டமானது உன் கையால்தான், அதை நான் யாரிடமும் மறைக்கவில்லை. நல்ல மண் என்று ஒரு வார்த்தை எழுதச் சொல்லியிருந்தாய். நல்ல மண்தான்.

அண்ணன்
ஈஸ்வரமூர்த்தி


மறையூர்,
பங்குனி 20

ஈஸ்வரமூர்த்தி அவர்களுக்கு,

உங்கள் கடிதத்துக்குப் பிறகு நடந்ததை எழுதிவிடுகிறேன். பிறர் சொல்லி நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டாம்.

தை கடைசியில் தோட்டத்தை விட்டு இறங்கினேன். மாசி பிறந்ததும் பிச்சைமணியின் ஆட்கள் வந்தார்கள். பாத்தியில் கிடந்த தோகை அவர்களுக்குக் குப்பையாகத் தெரிந்திருக்கிறது. மொத்தத்தையும் வாரிக் கொளுத்திவிட்டு, சுத்தமாக இருக்கட்டும் என்று எல்லாப் பாத்தியையும் ஆழக் கொத்திப் புரட்டிப் போட்டார்கள். வெயிலுக்கு எதிரே மண் திறந்து கிடந்தது. பொதிமாடு ஏற வழி வேண்டுமென்று மேற்குச் சுவரில் பத்தடி இடித்தார்கள். ஒரு வாரம் காற்று அடித்தது. நாங்கள் தலையில் சுமந்த வண்டல் சிவப்புப் புகையாக எழும்பி ஓடைப் பக்கம் போவதைக் குடிசை வாசலில் நின்று பார்த்தேன். சந்தோஷப்படலாம் என்று நினைத்தேன். அது வரவில்லை. கூடையைத் தூக்கிக்கொண்டு ஓடிப் பிடிக்கலாமா என்றுதான் இருந்தது. அழகுத்தாய் என் கையைப் பிடித்து உள்ளே கூட்டிப் போனாள்.

இருந்த செடி எல்லாம் வாடிப்போயிற்று. பங்குனி இரண்டாம் தேதி பிச்சைமணி குடிசைக்கு வந்து, அழகுத்தாய் போட்ட பலகையில் உட்காராமல் நின்றார்.

"என்ன செய்யணும்னு சொல்லுங்கம்மா. என் ஆளுகளுக்குப் பிடிபடல. வர்ற மழைக்குள்ள நேராக்கலைன்னா குத்தகை போயிரும். கூலி என்ன கேட்டாலும் தாரேன்" என்றார்.

கூலிக்கு வரமாட்டேன் என்று சொன்னேன். பத்து வருஷம் வாரத்துக்கு விட வேண்டும், விளைவதில் பாதி எனக்கு, என்ன விதைப்பது எப்போது விதைப்பது என்பது என் இஷ்டம், அழகுத்தாயும் கூட இருப்பாள், எங்களை எழுப்பக்கூடாது என்றேன். அவர் யோசித்துவிட்டுச் சரி என்றார். அதை எழுதிப் பதிவு பண்ணித் தர வேண்டும் என்றேன்.

"வாய்ச்சொல் போதாதாம்மா?" என்று கேட்டார்.

"வாய்ச்சொல்லை நம்பித்தான் ஒரு வருஷம் கல் சுமந்தனுங்க" என்றேன். எந்த நாள் போகலாம் என்று கேட்டார்.

போன திங்கட்கிழமை தேவிகுளம் போனோம். நீங்கள் குதிரையில் போன அதே வழியில் நாங்கள் நடந்து போனோம். இப்போது மறுபடியும் சுவரைக் கட்டிக்கொண்டிருக்கிறோம். போன வண்டல் போனதுதான், மறுபடி குட்டையில் இறங்க வேண்டும். இந்த வருஷம் அரைத் தோட்டம்தான் ஆகும்.

பொன்னாத்தாள் கல்யாணத்துக்கு நான் வரவில்லை. அந்தப் பிள்ளை நன்றாக இருக்கட்டும், அவள் எனக்கு ஒரு கெடுதலும் செய்யவில்லை. நீங்கள் பூசி வைத்த அறையில் வைக்கோல் போட்டுக்கொள்ளுங்கள்.

தேவிகுளத்தில் பத்திரம் எழுதுகிறவர், தகப்பன் பேர் கேட்டார், சொன்னேன். புருஷன் பேர் கேட்டார், எழுதிக் காட்டினேன். பிறகு, "பத்து வருஷப் பத்திரம், நாளைக்கு உரிமை கொண்டாட யாரும் வரக்கூடாது பாருங்க. கூடப் பிறந்தவங்க யாராச்சும் இருக்காங்களாம்மா?" என்று கேட்டார்.

இல்லை என்று சொன்னேன். அவர் எழுதிக்கொண்டார்.

கருப்பாத்தாள்